எட்டுச் சொட்டு

அத்தியாயம் 9

"ஊர்ல அவனவன் பொண்டாட்டி பாலைக் காச்சுறா. இவ மூத்திரத்தைக் காச்சுறாடியம்மா!"

அடுத்த வீட்டுக்கும் கேட்கட்டும் என்றுதான் நாத்தனார் சுந்தராம்பாள் அப்படிச் சொன்னாள். கேட்டுமிருக்கும். மார்கழி விடிகாலையில் வடக்குப்பட்டில் ஒருவர் தும்மினால் மூன்றாவது வீட்டில் புரண்டு படுப்பார்கள்.

கனகம் நிமிரவில்லை. துணிக் கிளிப்பில் பிடித்த கண்ணாடிக் குழாயை விளக்குக்கு மேலே சாய்த்து மெள்ள ஆட்டிக்கொண்டிருந்தாள். பழைய இங்க் புட்டியில் திரி போட்டுச் செய்த விளக்கு. சொட்டு விடுவதற்குப் பேனாவுக்கு மை போடும் ஃபில்லர். குழாயில் ஒரு ஸ்பூன் நீல மருந்து, அதில் புருஷனுடைய விடிகாலை நீர் எட்டுச் சொட்டு. ஏழு இல்லை, ஒன்பது இல்லை. எட்டு.

"கலர் பாக்குறாளாம் கலரு! கல்யாண வூட்டுல கலர் சோடா ஒடைச்சிக் குடுப்பாங்க. இந்த வூட்டுல மூத்திரத்துல கலர் பாக்குறாங்க. எங்கம்மா இருந்திருந்தா உன்னை வாசப்படி மிதிக்க வுட்டிருக்க மாட்டா."

"மெதுவா பேசுங்க அண்ணி. கை ஆடுது. குழாய் வெடிச்சிடும். ஒண்ணுதான் கீது."

"வெடிக்கட்டும்!"

குழாயில் கொதி வந்தது. கனகம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். கொதித்து அடங்கிய பிறகும் நிறம் மாறவில்லை. நீலம். சுத்தமான நீலம்.

நாலு மாதமாக அவள் காத்திருந்த நிறம் அது.

நாலு மாதத்துக்கு முன்னால் அவள் புருஷன் பலராமன், ஓயாமல் தாகம் தாகம் என்று சொல்லிக்கொண்டிருந்தவன், பெங்களூர் ரோட்டுக் கம்பெனியில் லாரி எடை போடும் மேடையில், நாற்காலியோடு சரிந்து விழுந்தான். தூக்க நாலு பேர் தேவைப்பட்டார்கள். கம்பெனி ஸ்டோர்ஸ் தராசில் தொண்ணூற்றிரண்டு கிலோ இருந்தான். ஸ்ரீபெரும்புதூர் கவர்மென்ட் ஆஸ்பத்திரியில் சக்கரை வியாதி என்று சொன்னார்கள். அங்கே நர்ஸ் லூர்தம்மாள்தான் கனகத்தைத் தனியே கூப்பிட்டுப் பேசினாள்.

"உன் புருஷன் முன்ன இன்னா பண்ணிக்கினு இருந்தாரு?"

"ஏர் ஓட்டிக்கினு இருந்தாருக்கா. ரெண்டு ஏக்கர் குத்தகை."

"அப்போ தின்ன சோறு வயல்லயே கரைஞ்சிப் போச்சு. இப்போ எட்டு மணி நேரம் நாற்காலில உக்காந்துக்கினு அதே சோறு, அதுக்கு மேல கேன்டீன் போண்டா. அது எங்க போவும் சொல்லு? பாதி தொப்பைல, பாதி ரத்தத்துல. வுட்டா கண்ணு போவும், காலு போவும், நெஞ்சு நின்னுடும். சோத்தைக் குறை. களி கிண்டு, அதுவும் அளந்து போடு. தினம் நடக்க வை. மாத்திரைய அப்புறம் பாக்கலாம்."

கனகம் குறைத்தாள், கிண்டினாள், அளந்தாள். பலராமன் தினமும் ஒரகடம் கூட்ரோடு வரைக்கும் நடந்து போய் பஸ் பிடித்தான். 'இன்னாப்பா, சைக்கிளை வித்துட்டியா?' என்று ஊர் கேட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தான். லூர்தம்மாள் சொல்லிக்கொடுத்த சோதனையில், நிறையச் சக்கரையைக் காட்டும் செங்கல் நிறம் மஞ்சளாயிற்று, மஞ்சள் பச்சையாயிற்று. தராசு எழுபத்தேழில் நின்றது. இன்றைக்கு நீலம்.

அதுவும் இன்றைக்கென்று பார்த்து. இன்றுதான் கம்பெனியில் மெடிக்கல் சோதனை. நாலு வருஷமாகத் தினக்கூலி. இதில் தேறினால் பர்மனென்ட். தேறாவிட்டால் மேடையில் வேறு ஆள் உட்காருவான். குத்தகை நிலம் எப்போதோ கைமாறிவிட்டது. திரும்பிப் போக ஏர் கிடையாது.

"அண்ணி, இங்க பாருங்க. நீலம். அவருக்குச் சக்கரை கட்டுல வந்துடுச்சு."

சுந்தராம்பாள் குழாயைப் பார்த்தாள். பக்கத்தில் இருந்த மருந்துப் புட்டியைப் பார்த்தாள். பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள்.

"ஏண்டி, நீல மருந்தை ஊத்துனா நீலமாத்தானே இருக்கும்? செவப்பு மருந்து ஊத்திப் பாரேன், செவப்பா இருக்கும்!"

பலராமனின் அக்கா அவள். வல்லத்திலிருந்து முந்தாநாள் வந்து இறங்கினாள், ஒரு டின் முறுக்கோடும் ஒரு டின் கோபத்தோடும். தம்பி எலும்பும் தோலுமாகப் போய்விட்டான், பெண்டாட்டி சோறு போடுவதில்லை என்று யாரோ போய் வத்தி வைத்திருந்தார்கள். வந்தவள் களிச் சட்டியைப் பார்த்ததும் வாசலிலேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள்.

"பஞ்சத்துல தின்னதடி அது! அரிசி இல்லாத காலத்துல எங்கப்பன் எங்களுக்குப் போட்டது. கம்பெனி உத்தியோகக்காரனுக்கு அதைப் போடுற, அதுவும் எலுமிச்சங்கா அளவு. அவன் சட்டை அவன்மேல கொடியில காயுற மாதிரி தொங்குது. என்னைப் பாரு! மூணு வருஷமா என் காலு சேத்துல படல. என் புள்ள ராஜாமணி, 'நீ உக்காந்து தின்னும்மா'ன்னுட்டான். திங்குறேன். பாரு என் ஒடம்ப! இதுதாண்டி வாழுற வூட்டு ஒடம்பு."

உடம்பு என்னவோ பெரிய உடம்புதான். கால் கட்டைவிரலில் மட்டும் ஒரு துணி சுற்றியிருந்தாள். ஐப்பசியில் குத்தின முள்ளாம், இன்னும் ஆறவில்லையாம்.

இப்போது அவள் சொம்பை எடுத்துப் பானையில் மொண்டு மடமடவென்று குடித்துவிட்டுப் புழக்கடைப் பக்கம் போனாள். போன வேகத்திலேயே குரல் வந்தது.

"டேய் பலராமா! ஏய் கனகம்! இங்க வாங்கடா ரெண்டு பேரும்!"

தட்டி மறைவுக்குப் பின்னால், வீட்டார் ஒன்றுக்குப் போகும் இடத்தில், கால் கழுவும் கல். அதன் ஓரம் கறுப்பாக ஒரு கோடு. எறும்பு. சாரை சாரையாக.

"நீலம்னியே! இது இன்னாடி?"

சக்கரை நீருக்குத்தான் இப்படி எறும்பு வரும். வியாதி தெரிவதற்கு முன்னால் இதே கல்லில்தான் எறும்பு மொய்த்தது. கடைசி இரண்டு மாதமாக ஒன்றுகூட வரவில்லை. தினமும் பார்ப்பாள். நேற்றுத்தான் சுந்தராம்பாளின் அமளியில் பார்க்க மறந்துவிட்டாள்.

பல் விளக்கிக்கொண்டே வந்த பலராமன் குனிந்து பார்த்தான். பிரஷ் வாயிலேயே நின்றது.

"குழாய்ல நீலம்தாங்க வந்துச்சு. நீங்களே பாருங்க, இன்னும் கொட்டல."

"அப்போ எறும்பு பொய் சொல்லுதா?" என்றான் பலராமன்.

"நான் பொய் சொல்றேனா?"

"உனக்கு ஆசைடி. நீலம் வரணும்னு ஆசை. எறும்புக்கு இன்னா ஆசை இருக்கப் போவுது?"

"நாலு மாசம் நடந்திருக்கீங்க..."

"நாய் மாதிரி நடந்தேன்! ஊரு சிரிச்சுது. போண்டாவைப் பாத்துக்கினே டீ குடிச்சேன், அதுவும் சக்கரை இல்லாத டீ. கடைசில இன்னா ஆச்சு? எறும்பு வந்துகினுதான் கீது."

"சொல்லுடா தம்பி, நல்லா சொல்லு," என்றாள் சுந்தராம்பாள்.

கனகம் உள்ளே திரும்பினாள். விடிகாலை நீரை வீட்டிலிருந்தே கொண்டுவர வேண்டும் என்று கம்பெனி கம்பவுண்டர் தணிகாசலம் சொல்லியனுப்பியிருந்தார். சோதித்தது போக மீதியை அவள் ஏற்கெனவே ஒரு டானிக் புட்டியில் ஊற்றி, பேர் எழுதிய சீட்டைச் சோற்றுப் பருக்கையால் ஒட்டி, ஜன்னலில் வைத்திருந்தாள். குடத்தை எடுத்துக்கொண்டு கை பம்புக்குப் போனாள். போய்வரக் கால் மணி நேரம்.

திரும்பி வந்தபோது அக்காவும் தம்பியும் பேசிக்கொண்டிருந்தது சட்டென்று நின்றது. அதை அவள் கவனித்தாள். புட்டியை எடுத்துத் துணிப்பையில் வைக்கும்போது இன்னொன்றையும் கவனித்தாள். சீட்டு நனைந்து, 'பலராமன்' என்ற எழுத்தில் 'ரா'வின் மை கீழே வழிந்திருந்தது.

"இது இன்னா, சீட்டு நனைஞ்சிருக்குது?"

"பனி," என்றாள் சுந்தராம்பாள்.

பலராமன் கனகத்தின் முகத்தைப் பார்க்காமல் பையை வாங்கிக்கொண்டான். களி டப்பாவை வாங்கவில்லை. சைக்கிளை எடுத்தான்.

"நடக்கலையா?"

"நடந்து கிழிச்சது போதும்."

பெல் அடித்துக்கொண்டு சைக்கிள் பனிக்குள் போயிற்று.

* * *

பகல் முழுக்க இரண்டு பெண்களும் ஒரே அடுப்பங்கரையில் இரண்டு கட்சியாக இருந்தார்கள். மத்தியானம் சுந்தராம்பாள் வெல்லத்தை நசுக்கிப் பாயசத்துக்கு ஏற்பாடு செய்தாள்.

"யாருக்கு அண்ணி இவ்ளோ?"

"என் தம்பி பர்மனென்ட் ஆயிட்டு வருவான். வாயில ஊத்த வேணாம்?"

"காலைல எறும்பு மொய்க்குதுன்னீங்க. அது நெசம்னா மெடிக்கல்ல எப்படித் தேறுவாரு?"

சுந்தராம்பாளின் கை ஒரு நொடி நின்றது.

"தேறுவான். அதுக்கெல்லாம் வழி கீது."

"இன்னா வழி?"

"உன் களிய நம்புற வழி இல்ல." சொம்பை எடுத்துக் குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடி மொண்டாள். "பானைய ரொப்பி வையேண்டி. வந்தவளுக்குத் தண்ணிகூட இல்ல இந்த வூட்டுல."

காலையில் ரொப்பிய பானை அது. கனகம் குடத்தை எடுத்துக்கொண்டு மறுபடி பம்புக்கு நடந்தாள்.

* * *

ஐந்து மணிக்கு மேல் சைக்கிள் வந்தது. மிதித்து வரவில்லை. தள்ளிக்கொண்டு வந்தான். அதைப் பார்த்தபோதே கனகத்துக்குத் தெரிந்துவிட்டது.

"இன்னாச்சுங்க?"

பலராமன் சைக்கிளைச் சுவரில் சாத்தினான். அது சரிந்தது. மறுபடி சாத்தினான்.

"செவப்பு."

"செவப்பா?"

"செங்கல்லு தோத்துடும். தணிகாசலம் எல்லாரையும் கூப்ட்டுக் காட்டுறான். 'இன்னாய்யா, சூளைலேருந்து நேரா எடுத்தாந்தியா'ன்றான்."

சுந்தராம்பாள் கரண்டியோடு வெளியே வந்தாள். காதில் விழுந்ததுதான் தாமதம், கனகத்தின் முகத்துக்கு நேரே கரண்டியை நீட்டினாள்.

"பாத்தியாடி! பாத்தியாடி உன் கலரு! நாலு மாசம் பட்டினி போட்டு, ஊர் சிரிக்க நடக்க வுட்டு, கடைசில என் தம்பி வாயில மண்ணைப் போட்டியே! செவப்பாம்டி செவப்பு! இதுக்கா மூத்திரத்தைக் காச்சுன?"

"அக்கா," என்றான் பலராமன்.

"நீ இருடா! இன்னைக்கு இவள நான்..."

"அக்கா! அது..." அவன் நிறுத்தினான்.

சுந்தராம்பாளின் கை அந்தரத்தில் நின்றது. வாய் திறந்தபடியே இருந்தது. கரண்டியிலிருந்து பாயசம் ஒரு சொட்டு மண்ணில் விழுந்தது.

கனகம் இவனைப் பார்த்தாள். அவளைப் பார்த்தாள். வழிந்து போன 'ரா' அவள் கண்முன் வந்து நின்றது.

"அது இன்னாங்க? சொல்லுங்க."

கனகம் உள்ளே போனாள். ஒரு டம்ளரோடு வந்து அவன் கையில் வைத்தாள். "போய்ட்டு வாங்க."

"இப்போ எதுக்குடி..."

"போய்ட்டு வாங்க!"

அந்தக் குரலை அவன் அதுவரை கேட்டதில்லை. போனான்.

அடுப்பங்கரையில் அல்ல, நடு வாசலில் வைத்து, அக்கா தம்பி இரண்டு பேர் கண்ணெதிரே, கனகம் விளக்கை ஏற்றினாள். ஒரு ஸ்பூன் மருந்து. வாய்விட்டு எண்ணினாள், எட்டுச் சொட்டு. குழாய் கொதித்தது. அடங்கியது.

நீலம்.

"நீல மருந்து ஊத்துனா..." என்று ஆரம்பித்தாள் சுந்தராம்பாள். குரலில் காலையில் இருந்த தெம்பு இல்லை.

"கம்பெனிலயும் இதே நீல மருந்துதான் அண்ணி ஊத்துனாங்க. அங்க மட்டும் ஏன் செவந்துச்சு?"

கனகம் பலராமன் பக்கம் திரும்பினாள்.

"யாருது அது?"

பலராமன் தரையைப் பார்த்தான். "எறும்பு மொய்ச்சுதேடி. நீ சும்மா தெம்புக்குச் சொல்றேன்னு நெனச்சேன். அக்காதான், 'நான் ஆஸ்பத்திரி வாசல்கூட மிதிச்சதில்ல, கல்லு மாதிரி கீறேன், என்னுத எடுத்துக்கினு போ'ன்னுச்சு. நீ ஊத்தி வெச்ச உன்னுத கொட்டிட்டு..."

"என்னுது இல்ல. உன்னுது."

கல்யாணமான பதினொரு வருஷத்தில் முதல்முறையாக அவள் அவனை ஒருமையில் விளித்தாள். அவனுக்கும் அது உறைத்தது.

"நாலு மாசம் நடந்தது உன் காலு. பசிச்சது உன் வயிறு. கொறைஞ்சது உன் ஒடம்பு. அத்தனையும் சேந்து காலைல அந்தப் புட்டில இருந்துச்சு. அதைத்தான் நீ கொட்டுன. என்னை நம்பாட்டி போ, உன் காலையாவது நம்பக் கூடாதா?"

"தப்புதாண்டி. நாளைக்கிப் பத்து மணிக்குப் பெரிய டாக்டர் வர்றாரு. அவர் முன்னால இன்னொரு தபா எடுத்துக் குடுக்கணும்."

"குடு. நீலம் வரும்."

"வந்தா? 'இன்னைக்கு நீலம், நேத்து எப்படிய்யா செங்கல்லு'ன்னு கேக்க மாட்டாரா? யாருதுன்னு கேட்டா இன்னான்னு சொல்றது? புட்டி மாத்துனவனுக்கு வேலையே கெடையாதுன்னு போன வருஷம் ஒருத்தனைக் கேட்டுக்கு வெளிய தள்ளுனாங்க. செவப்பு வந்தாலும் போச்சு, நீலம் வந்தாலும் போச்சு."

"எல்லாம் இவளாலதான்," என்றாள் சுந்தராம்பாள். ஆனால் அதைத் தனக்கே சொல்லிக்கொள்கிறவள் மாதிரி சொன்னாள். பிறகு உள்ளே போய்த் துணிமணிகளைப் பையில் திணிக்க ஆரம்பித்தாள். "நான் போறேன். ஆறரை பஸ் கீது. இந்த வூட்டு வாசலை இனி மிதிச்சா என்னை இன்னான்னு கேளு."

கனகம் நிலைப்படியில் நின்றாள். வழி விடவில்லை.

"போங்க அண்ணி. போறதுக்கு முன்ன எட்டுச் சொட்டு குடுத்துட்டுப் போங்க."

"இன்னாது?"

"எறும்பு பொய் சொல்லல. முந்தாநாள் வந்தது நீங்க. எறும்பு அதுக்கப்புறம்தான் வந்துச்சு. நாங்கதான் ஆளை மாத்திப் புரிஞ்சிக்கினோம்."

"செருப்பால அடிப்பேன் நாயே!"

"அடிங்க. ஐப்பசிலேருந்து துணி கட்டிக்கினு கீறீங்களே, அந்தக் கால்ல செருப்பு நொழையுதா மொதல்ல?"

சுந்தராம்பாள் கையை ஓங்கினாள். "அக்கா, வாணாம்!" என்று பலராமன் குறுக்கே வந்தான். ஓங்கிய கை இறங்கவும் இல்லை, விழவும் இல்லை. கடைசியில் பையைத்தான் தூக்கியது.

"எனக்கா வியாதி? எனக்கா? மூணு வருஷமா ராணி மாதிரி உக்காந்து திங்குறவ நான்! ஏர் புடிக்கிறவளோ களை புடுங்குறவளோ இல்லடி. எனக்கு எங்கேருந்துடி வரும் வியாதி?"

சொல்லி முடித்தவள் கனகத்தின் முகத்தைப் பார்த்தாள். கனகம் சொல்ல வேண்டியதை அவளே சொல்லியாயிற்று.

"நவுரு."

கனகம் நகர்ந்தாள். சுந்தராம்பாள் விறுவிறுவென்று நாலடி வைத்தாள். பானைப் பக்கம் வந்ததும் கால் நின்றது. பையைக் கீழே வைத்தாள். சொம்பில் மொண்டு ஒரே மூச்சில் குடித்தாள். மறுபடி மொண்டாள். அதையும் குடித்தாள். மூன்றாவது சொம்பை வாய்க்குக் கொண்டுபோகும்போது, கனகமும் தம்பியும் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டாள்.

"இன்னாடி மொறைக்கிற?" என்று சீறினாள். "வெயிலு. தாகம் எடுக்குது."

தெருவில் விளக்கு வைத்தாகிவிட்டது. மார்கழிப் பனி ஓட்டுமேல் இறங்கத் தொடங்கியிருந்தது.

மூன்றாவது சொம்பு உதட்டுக்கு வரவில்லை. பாதி வழியில் நின்றது.